பந்தயக் காட்சிகளும் மூன்று குதிரைகளின் இறப்பும்: சான்டா அனிடா, 2010–2012

பின்னணி

அமெரிக்காவின் எச்.பி.ஓ. நிறுவனம் 2010-இல் 'லக்' என்ற தொலைக்காட்சித் தொடரின் முதல் பகுதியைப் படமாக்கியது. குதிரைப் பந்தயத்தையும் அதை நம்பிப் பிழைப்பவர்களையும் பற்றிய கதை அது. கலிபோர்னியாவின் ஆர்கேடியா நகரிலுள்ள சான்டா அனிடா பந்தயத் திடலிலேயே படப்பிடிப்பு நடந்தது. ஓடியவை பந்தயத்துக்கென்றே வளர்க்கப்படும் தரோபிரெட் இனக் குதிரைகள். காட்சியில் உண்மையான வேகம் தெரிய வேண்டும் என்பது படைப்பாளிகளின் எண்ணம். அந்த வேகத்துக்குக் கொடுத்த விலையைத்தான் இந்த ஆய்வு பதிவு செய்கிறது.

களத்தில் கண்காணிப்புக்குக் குறைவில்லை. படப்பிடிப்புகளில் விலங்குகளின் நலனைக் கண்காணிக்கும் அமெரிக்கன் ஹியூமேன் அசோசியேஷனின் பிரதிநிதிகள் இருந்தார்கள், கால்நடை மருத்துவர் இருந்தார். திடல் கலிபோர்னியா குதிரைப் பந்தய வாரியத்தின் வரம்புக்குள் வருவது. ஹியூமேன் அமைப்பு ஹாலிவுட்டில் காலூன்றியதற்கே ஒரு குதிரைதான் காரணம். 1939-இல் வெளிவந்த ஒரு படத்துக்காகக் குதிரையொன்றைச் செங்குத்தான பாறையிலிருந்து நீரில் விழ வைத்தார்கள், அது செத்தது. அதையொட்டி எழுந்த எதிர்ப்பால் 1940-இல் அந்த அமைப்பின் திரைப்பட அலுவலகம் திறக்கப்பட்டது. ஓடும் குதிரையின் முன்னங்கால்களில் கம்பி கட்டி, குறித்த இடத்தில் இழுபட்டுத் தலைகுப்புற விழச் செய்யும் வழக்கம் அப்போது சாதாரணமாக இருந்தது. கண்காணிப்பு முறையே இப்படிப்பட்ட சாகசங்களைத் தடுக்கத்தான் உருவானது. கேமராவுக்கு முன்னால் விலங்கை என்ன செய்கிறார்கள் என்பதே அதன் மையக் கேள்வி. 'லக்' படப்பிடிப்பில் யாரும் கம்பி கட்டவில்லை, குதிரையை விழவைக்கவும் இல்லை. அப்படியிருந்தும் மூன்று குதிரைகள் இறந்தன.

பந்தயக் காட்சி எடுக்கும் விதம்

நடந்ததைப் புரிந்துகொள்ள, பந்தயக் காட்சி எப்படி எடுக்கப்படுகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். ஒரு பந்தயத்தை ஒரே ஓட்டமாக யாரும் எடுப்பதில்லை. கேட் திறந்து குதிரைகள் பாய்வது ஒரு ஷாட், வளைவில் நெருக்கியடித்து வருவது இன்னொரு ஷாட், கடைசி நேர்ப்பாதை வேறொன்று. ஒவ்வொன்றும் சில நூறு மீட்டர்தான். பக்கவாட்டில் கேமரா வண்டி ஓடும். ஃபோகஸ் தவறினாலோ, முந்த வேண்டிய குதிரை பின்தங்கினாலோ திரும்ப எடுப்பார்கள்.

சில நூறு மீட்டர் ஓட்டம் முழுப் பந்தயத்தைவிட எளிது என்று தயாரிப்புத் தரப்பினர் நினைப்பது இயல்பு. குதிரையின் உடல் அப்படிக் கணக்குப் போடுவதில்லை. பந்தயக் குதிரை சில வாரங்களுக்கு ஒருமுறைதான் போட்டியில் ஓடும். ஓடி முடித்ததும் நடக்கவிட்டு, குளிர்வித்து, லாயத்தில் ஓய்வு கொடுப்பார்கள். படப்பிடிப்பிலோ அதே நாளில் மறுபடி நின்ற இடத்திலிருந்து முழு வேகம் எடுத்து, மறுபடி நிறுத்த வேண்டும். முழுப் பாய்ச்சலில் ஒரு கணம் ஒற்றை முன்னங்கால் மட்டும் தரையில் ஊன்றும்போது, உடல் எடையைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு விசை அந்தக் காலில் இறங்குகிறது. குதிரையின் எடை 450 முதல் 500 கிலோ. 200 மீட்டர் ஓடினாலும் 2,000 மீட்டர் ஓடினாலும் ஓர் அடிக்கு விழும் விசை அதேதான்.

முதல் இரண்டு இறப்புகள்

முதல் குதிரை 2010-இல் முதல் பகுதியின் படப்பிடிப்பின்போதும், இரண்டாவது 2011-இல் ஏழாம் பகுதியின்போதும் இறந்தன. ஹியூமேன் அமைப்பின் விளக்கப்படி இரண்டும் ஒரே மாதிரி நடந்தவை: குறுகிய பந்தயக் காட்சியில் ஓடும்போது குதிரை தடுமாறி விழுந்தது, களத்தில் இருந்த மருத்துவர் உடனே பார்த்தார், எலும்பு முறிவு சரிசெய்ய முடியாதது என்று கண்டு கருணைக்கொலைக்கு முடிவெடுத்தார்.

அந்த முடிவு பலருக்குக் கொடூரமாகத் தோன்றும். காலை ஒட்டவைத்தால் என்ன என்று கேட்பார்கள். குதிரை வாரக்கணக்கில் படுத்துக் கிடக்க முடியாத விலங்கு. ஒரு கால் முறிந்தால் அந்தப் பக்கத்துப் பாரம் முழுவதும் மற்றக் காலுக்கு மாறும். அந்தக் காலின் குளம்புக்குள் எலும்பைத் தாங்கிப் பிடிக்கும் திசு வீங்கிப் பிய்ந்துபோகும். 2006-இல் அமெரிக்காவின் புகழ்பெற்ற பந்தயமான கென்டக்கி டெர்பியில் வென்ற பார்பரோ என்ற குதிரை, அடுத்த பெரிய பந்தயத்தில் பின்னங்கால் முறிந்து, மிகச் சிறந்த அறுவைச் சிகிச்சை பெற்றது. எட்டு மாதம் போராடியும் குளம்பு நோயால் 2007 ஜனவரியில் அதைக் கருணைக்கொலை செய்ய வேண்டியதாயிற்று. முன்னங்கால்கள் உடல் எடையில் ஏறக்குறைய 60 விழுக்காட்டைச் சுமப்பவை என்பதால் அங்கே முறிந்தால் நிலைமை இன்னும் மோசம். துடிக்கும் விலங்கின் வலியை நீட்டிக்காமல் மருத்துவர் எடுத்த முடிவு சரியானதே. கேட்க வேண்டிய கேள்வி அதற்கு முந்தியது: அந்தக் குதிரை அன்று ஏன் ஓடியது?

பீட்டா அமைப்பு உடற்கூறாய்வு அறிக்கைகளைக் காட்டி முன்வைத்த குற்றச்சாட்டு இதைத் தொடுகிறது. முதல் குதிரைக்கு வயது ஐந்து. வலிநிவாரணிகளும் வீக்கத்தை அடக்கும் மருந்துகளும் அதற்குக் கொடுக்கப்பட்டிருந்தன என்றது பீட்டா. இரண்டாவதுக்கு வயது எட்டு, மூட்டுத் தேய்மானம் இருந்தது, ஏறத்தாழ நான்கு ஆண்டுகளாகப் பந்தயத்தில் ஓடியதே இல்லை என்றது. தயாரிப்புத் தரப்பு தன் பாதுகாப்பு ஏற்பாடுகள் தரமானவை என்றே சொல்லிவந்தது.

நீண்ட ஓய்வுக்குப் பிறகு ஓடும் குதிரைக்கு என்ன ஆகிறது

நான்கு ஆண்டுகள் ஓடாத குதிரை தோற்றத்தில் நன்றாகவே இருக்கலாம். தோல் மின்னும், தசை புடைத்திருக்கும், ஜாக்கி ஏறினால் பழைய உற்சாகத்தோடு பாயும். ஆபத்து எலும்பில் இருக்கிறது. வேக ஓட்டத்தின் பாரத்துக்கேற்ப எலும்பு தன்னைக் கெட்டிப்படுத்திக்கொள்ளும். பயிற்சி நின்றால் அந்தக் கெட்டித்தன்மை குறையும். மறுபடி ஓட்டத் தொடங்கும்போது சேதமடைந்த எலும்பை உடல் முதலில் அரித்து எடுத்துவிட்டுப் பிறகுதான் புதிதாக நிரப்பும். அரிப்பது சில வாரங்களில் முடியும், நிரப்ப மாதங்கள் ஆகும். அந்த இடைவெளியில் எலும்பில் நுண்துளைகள் இருக்கும். தசையும் மூச்சும் சில வாரங்களில் தேறிவிடுவதால் குதிரை வேகமாக ஓடத் தயாராகத் தெரிகிறது. எலும்பு மட்டும் பின்தங்கியிருக்கிறது.

கலிபோர்னியாவில் பந்தய வாரியத்தின் எல்லைக்குள் இறக்கும் குதிரைகள் 1990 முதல் டேவிஸ் நகரிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தோடு இணைந்து உடற்கூறாய்வு செய்யப்படுகின்றன. அந்த ஆய்வுகளில் தெளிவான ஒன்று: தோளுக்குக் கீழுள்ள மேற்கை எலும்பின் முறிவு, இரண்டு மாதமோ அதற்கு மேலோ ஓய்வில் இருந்துவிட்டுப் பயிற்சிக்குத் திரும்பிய குதிரைகளில் கூடுதலாக வருகிறது. ஆகவே கடைசியாக எப்போது ஓடியது என்பது, குதிரையைப் படப்பிடிப்புக்கு எடுப்பவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி. பந்தயக் குதிரைகளுக்கு இதற்கான பதிவு பொதுவெளியிலேயே கிடைக்கும். பெயர் தெரிந்தால் கடைசிப் பந்தயத்தின் தேதி தெரிந்துவிடும்.

எடுத்த முடிவுகள்

இரண்டாவது இறப்புக்குப் பிறகு பந்தயக் காட்சிகள் நிறுத்தப்பட்டன. ஹியூமேன் அமைப்பு கூடுதல் நிபந்தனைகள் விதித்தது. இன்னொரு கால்நடை மருத்துவர் சேர்க்கப்பட்டார். படப்பிடிப்பில் பயன்படும் எல்லாக் குதிரைகளின் கால்களையும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்றானது. இவற்றை ஏற்ற பிறகே பணி தொடர்ந்தது.

இவை நல்ல முடிவுகள். முதல் இறப்புக்குப் பிறகே எடுத்திருக்க வேண்டியவை. ஒரு குதிரை விழுந்தபோது அது தனி விபத்தாகக் கருதப்பட்டது. ஒரே விதமாக இன்னொன்று விழுந்த பிறகுதான் நடைமுறையில் கோளாறு இருக்கலாம் என்று பார்த்தார்கள். சான்டா அனிடாவில் 2010 டிசம்பரில் செயற்கைத் தளத்தை எடுத்துவிட்டு மண் தளம் போட்டார்கள். இரு இறப்புகளுக்கும் நடுவில் தளமே மாறியிருந்தது. தரை மாறியும் அதே மாதிரி முறிவு வந்தால், குதிரையைத் தேர்ந்தெடுத்த விதத்தை நோக்கித்தான் சந்தேகம் திரும்ப வேண்டும்.

எக்ஸ்ரேயின் எல்லையையும் சொல்ல வேண்டும். பழைய முறிவு, மூட்டில் வளர்ந்த எலும்பு முள், உடைந்து மிதக்கும் சில்லு ஆகியவற்றை அது காட்டும். ஆரம்பநிலை அழுத்த விரிசலைப் பெரும்பாலும் காட்டாது. அதற்குக் கதிரியக்கப் பொருளை ஊசிவழி செலுத்தி எடுக்கும் எலும்பு ஸ்கேன் தேவை. இதே சான்டா அனிடாவில் 2018 டிசம்பரில் தொடங்கிய பந்தயப் பருவத்தில் 2019 ஜூன் வரை 30 குதிரைகள் இறந்தன. அந்த ஆண்டின் இறுதியில், குதிரை நின்ற நிலையிலேயே காலைப் படமெடுக்கும் பெட் (PET) ஸ்கேன் கருவியை அங்கே நிறுவினார்கள். படப்பிடிப்புக்கு அந்த அளவு வசதி எல்லா இடத்திலும் கிடைக்காது. கிடைக்காத இடத்தில் கையாளக்கூடிய வழி ஒன்றுதான்: நீண்ட ஓய்விலிருந்து வந்த குதிரையை முழு வேக ஷாட்டுக்கு எடுக்காமல் இருப்பது.

மூன்றாவது இறப்பு

தொடர் 2012 ஜனவரி இறுதியில் ஒளிபரப்பாகத் தொடங்கி, சில நாட்களிலேயே இரண்டாம் பருவத்துக்கு ஒப்புதல் பெற்றது. அதன் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்த மார்ச் 13 அன்று காலை மூன்றாவது குதிரை இறந்தது. அன்றைய வேலைக்கு முன் வழக்கமான பரிசோதனையை அது முடித்திருந்தது. லாயப் பணியாளர் ஒருவர் அதை லாயத்துக்கு நடத்திக்கொண்டு போகும்போது முன்னங்கால்களைத் தூக்கி எழுந்து, பின்பக்கமாகக் கவிழ்ந்து, தலை தரையில் மோதியது. அதையும் கருணைக்கொலை செய்தார்கள்.

கேமரா ஓடவில்லை. பந்தயக் காட்சியும் இல்லை. முந்தைய இரு இறப்புகளால் கொண்டுவந்த நிபந்தனைகள் எவையும் இந்தக் கணத்தைத் தொடவில்லை. அவையெல்லாம் கால் எலும்பையும் ஓட்டத்தையும் பற்றியவை.

பின்பக்கம் கவிழும் குதிரை பிடரியின் உச்சியில் விழும். அந்த அடியில் கழுத்துத் தசை பின்னோக்கிச் சுண்டி இழுபட்டு, மண்டையோட்டின் அடித்தளத்தில் தான் ஒட்டியிருக்கும் எலும்பையே பிய்த்துவிடும். மூக்கிலும் காதிலும் இரத்தம் வரும், எழுந்து நிற்க முடியாது, சிலவற்றுக்குப் பார்வை போகும். பெரும்பாலும் மீட்க வழியில்லை.

குதிரைகளை நடத்திப் பழகியவர்களுக்கு இதில் ஒரு பாடம் தெரியும். குதிரை எழும்பும்போது கயிற்றைக் கீழ்நோக்கி இழுக்கக் கூடாது. பயந்த கை இழுக்கத்தான் பார்க்கும். தலையில் விழும் இழுப்பே குதிரையின் சமநிலையைக் குலைத்துப் பின்பக்கம் சாய்க்கிறது. கயிற்றைத் தளர்த்தி, பக்கவாட்டில் தோள்பக்கம் விலகி, அது இறங்கிய பிறகு உடனே முன்னோக்கி நடக்கவைக்க வேண்டும். இதற்குக் கயிறு மூன்று மீட்டராவது இருக்க வேண்டும். படப்பிடிப்புக் களத்தில் ஜெனரேட்டர் இரைச்சல், காற்றில் படபடக்கும் வெள்ளைத் துணித் திரை, வாக்கிடாக்கி என்று குதிரையை மிரட்டும் பொருள்கள் ஏராளம். தரோபிரெட் இனம் இயல்பிலேயே சட்டென மிரளக்கூடியது. லாயத்துக்கும் களத்துக்கும் இடையிலான வழியில் இவை எதுவும் இல்லாமல் வைப்பது தயாரிப்பு மேலாளர் செய்யக்கூடிய, செலவே இல்லாத காரியம்.

பின்விளைவு

மறுநாள், மார்ச் 14 அன்று, தொடர் நிறுத்தப்பட்டது. உயர்ந்த பாதுகாப்புத் தரத்தைப் பின்பற்றியும் இனி விபத்தே நடக்காது என்று உறுதி சொல்ல இயலாது என நிறுவனம் அறிவித்தது. பார்வையாளர் எண்ணிக்கை குறைவாக இருந்ததும் முடிவை எளிதாக்கியிருக்கும் என்று அப்போதே பலர் எழுதினார்கள்.

ஹியூமேன் அமைப்பின் திரைப்படப் பிரிவில் வேலை பார்த்த ஒருவர் பின்னர் வழக்குத் தொடுத்தார். மெலிந்த, நோயுற்ற குதிரைகள் பயன்படுத்தப்பட்டன, மருந்து கொடுத்து ஓட்டப்பட்டன, குதிரைகளின் அடையாளம் மாற்றிக் காட்டப்பட்டது, இதையெல்லாம் சொன்னதற்காகத் தன்னை வேலையிலிருந்து நீக்கினார்கள் என்பது அவரது குற்றச்சாட்டு. எதிர்த்தரப்பு மறுத்தது. வழக்கின் போக்கு எப்படியானாலும், அடையாளம் பற்றிய பகுதி தொழில்முறையில் கவனிக்கத் தக்கது. திரையில் ஒரே குதிரையாகத் தெரிவது களத்தில் பெரும்பாலும் நிறம் ஒத்த பல குதிரைகள். நெற்றிச் சுட்டியையும் கால் வெள்ளையையும் மேக்கப்பில் சரிசெய்துவிடுவார்கள். காலையில் ஓடியது எது, மதியம் மறுபடி ஓடப்போவது எது என்று கண்ணால் சொல்ல முடியாது. எக்ஸ்ரே ஒரு குதிரைக்கு எடுத்து, ஓடுவது வேறொன்றாக இருந்தால் சோதனை முழுவதும் வீண்.

2013-இல் ஹாலிவுட் ரிப்போர்ட்டர் இதழ் இந்தக் கண்காணிப்பு முறையையே விரிவாக ஆராய்ந்தது. தயாரிப்பாளர்களும் நடிகர் சங்கமும் சேர்ந்து நடத்தும் நிதியிலிருந்து கண்காணிப்புக்குப் பணம் வருவதால் கண்டிப்பு தளர்கிறதா என்ற கேள்வி அப்போது உரக்கக் கேட்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு நியூசிலாந்தில் எடுக்கப்பட்ட ஒரு பெரிய படத்துக்காகப் பண்ணையில் வைத்திருந்த 27 விலங்குகள் இறந்ததாக அங்கே வேலை பார்த்தவர்கள் கூறியிருந்தார்கள். பள்ளத்தில் விழுந்தும், மோசமான வேலிகளாலும், தீவனக் கோளாறாலும் நேர்ந்தவை என்றார்கள். செட்டில் நடக்காததால் அவை கண்காணிப்பின் வரம்புக்குள் வரவில்லை. 'லக்' தொடரின் மூன்றாவது குதிரையும் அதே ஓட்டையில்தான் விழுந்தது.

மாற வேண்டியவை

பீட்டா சொன்னதை வைத்துப் பார்த்தால் முதல் இரு இறப்புகளுக்கான காரணம் குதிரையின் கடந்த காலத்தில் இருந்தது, மூன்றாவது இறப்பு ஷாட்டுக்கு வெளியே நடந்தது. ஷாட்டின்போது மட்டும் பார்த்துக்கொள்ளும் கண்காணிப்பு இரண்டையுமே பிடிக்காது. குதிரையைக் களத்துக்குக் கொண்டுவருமுன் ஒவ்வொன்றுக்கும் தனிக் கோப்பு வேண்டும். மைக்ரோசிப் எண், வயது, கடைசியாகப் பந்தயத்தில் ஓடிய தேதி, கடைசி மூன்று மாதங்களின் பயிற்சிப் பதிவு, எக்ஸ்ரே எடுத்த தேதி ஆகியவை அதில் இருக்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு மேல் வேகப் பயிற்சி இல்லாத குதிரைக்கு நடை, மெதுவோட்டக் காட்சிகள் மட்டுமே. பல ஆண்டுகள் ஓடாத, மூட்டுத் தேய்ந்த குதிரையைப் பாய்ச்சல் காட்சிக்குக் கொண்டுவரவே கூடாது. இதில் பேரம் பேச இடமில்லை.

மருந்துப் பதிவில் மருந்தின் பெயரும் அளவும் மட்டும் போதாது, கொடுத்த நேரமும் காரணமும் வேண்டும். விழுந்த பிறகு வலி தணிக்கக் கொடுத்ததா, ஓடுவதற்கு முன்பே வலியை மறைக்கக் கொடுத்ததா என்பது அந்த ஒரு நேரக் குறிப்பில்தான் தெரியும். ஓடுவதற்கு முன்பே வலிநிவாரணி தேவைப்பட்ட குதிரைக்கு அன்று வேலை இல்லை.

தினமும் காலையில் சேணம் போடுமுன், கெட்டியான சமதரையில் கயிற்றைத் தளர்த்திப் பிடித்து, குதிரையை மெதுவோட்டத்தில் போகவும் வரவும் செய்து பார்க்க வேண்டும். முன்னங்காலில் வலி இருந்தால் அந்தக் கால் தரையில் படும்போது தலை மேலே தூக்கும், நல்ல கால் படும்போது இறங்கும். கயிற்றை இறுக்கிப் பிடித்தால் இந்த ஆட்டம் மறைந்துவிடும், சிலர் அதற்காகவே இறுக்கிப் பிடிப்பார்கள். அடுத்து, மூட்டை மடக்கி ஒரு நிமிடம் பிடித்திருந்து விட்டவுடன் ஓடவைத்தால் ஒளிந்திருக்கும் நொண்டல் வெளிப்படும். நாடித்துடிப்பு ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44, உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஓடி முடித்த குதிரையின் துடிப்பு, நெடுந்தூரக் குதிரையோட்டப் போட்டிகளில் பின்பற்றும் 64 என்ற வரம்புக்குக் கீழே இறங்காதவரை அடுத்த டேக்குக்கு அழைக்கக் கூடாது. நிறுத்தும் அதிகாரம் மருத்துவருடையது, இயக்குநரிடம் அனுமதி கேட்கத் தேவையில்லை என்பது ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். ஒரு நாளில் எந்தக் குதிரைக்கு எத்தனை முழு வேக ஓட்டம் என்ற எண்ணிக்கை, நடிகர்களின் நேரத்தைப் போலவே, மறுநாள் வேலைகளைப் பட்டியலிட்டு முந்தின நாள் அச்சிடும் கால்ஷீட்டில் வந்துவிட வேண்டும்.

அதைவிட நல்ல வழியும் உண்டு. நெருக்கக் காட்சிகளுக்கு இயந்திரக் குதிரை, கூட்டத்துக்குக் கணினி வரைகலை, தூரக் காட்சிகளுக்கு உண்மையான பந்தயங்களின் பதிவு என்று பிரித்துக்கொண்டால், குதிரையை முழு வேகத்தில் விரட்ட வேண்டிய ஷாட்டுகள் மிகச் சிலவாகச் சுருங்கும்.

இந்தியப் படப்பிடிப்புகளுக்கு

இந்தியாவில் நிகழ்த்து விலங்குகள் பதிவு விதிகள், 2001-இன்படி, படத்தில் விலங்கைப் பயன்படுத்துமுன் விலங்கு நல வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 1962-இல் சென்னையில் தொடங்கப்பட்ட வாரியம் 2018 முதல் ஹரியானாவிலுள்ள பல்லப்கரில் இயங்குகிறது. விலங்கின் வகை, வயது, உடல்நிலை, என்ன செய்யப் போகிறது, எவ்வளவு நேரம் என்ற விவரங்களோடு கால்நடை மருத்துவரின் தகுதிச் சான்றும் இணைக்கப்பட வேண்டும். விலங்கை இடறி விழவைக்கும் கம்பி, குழி போன்றவற்றுக்கு அந்த விதிகள் தடை போடுகின்றன.

பந்தயத்திலிருந்து கழிக்கப்பட்ட குதிரைகள் சவாரிக்கும் படப்பிடிப்புக்கும் போவது இங்கேயும் நடக்கிறது. தகுதிச் சான்று எழுதும் மருத்துவர் பெரும்பாலும் நின்ற நிலையில் உள்ள குதிரையைத்தான் பார்க்கிறார். விண்ணப்பத்தோடு இரண்டு தகவல்களைத் தயாரிப்பாளர் தாமாகவே சேர்க்கலாம்: கடைசியாக வேகமாக ஓடிய தேதியும், ஸ்கிரிப்டில் உள்ள முழு வேக ஓட்டங்களின் எண்ணிக்கையும். இவை கையில் இருந்தால், குதிரை நலமாக இருக்கிறதா என்பதோடு, கேட்கும் வேலைக்குத் தாங்குமா என்பதையும் சேர்த்து மருத்துவர் எழுத முடியும். கோப்பில் தினக்குறிப்பும் படப்பிடிப்பு முடியும் பேக்கப் நேரத்தோடு நின்றுவிடாமல், குதிரை லாயத்துக்குள் போய்த் தண்ணீர் குடித்துத் தீவனத்தில் வாய் வைத்த நேரம்வரை எழுதப்பட வேண்டும். பொறுப்பாளரின் கையெழுத்து அதற்குக் கீழேதான் விழ வேண்டும்.